24 கிளிக் என்றால் எவ்வளவு?

தோஹாவில் வேலை பார்க்கும் மச்சான் சாய்ந்தமருதில் இருக்கும் மச்சானுக்கு போனில் சொல்கிறார்: “இருபத்தி நாலு கிளிக்ல வெச்சிப் பாரு மச்சான், அந்த மாதிரி இருக்கும்.” கேட்டவரும் தன்னுடைய கைக் கிரைண்டரில் 24 வைத்துக் கோப்பிக்கொட்டையை அரைத்து, கடதாசி வடியில் தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றுகிறார். தண்ணீர் குளம் கட்டி மேலேயே நிற்கிறது. சொட்டுச் சொட்டாக ஒருவாறு இறங்கி முடிந்ததை வாயில் வைத்தால் நாக்கை இழுக்கும் கசப்பு. “தண்ணி இறங்குதே இல்ல மச்சான், நீ சொன்ன நம்பர்தானே வெச்சன்?”

நம்பர் சரிதான். மெஷின்தான் வேறு. தோஹாக்காரரிடம் இருப்பது கொமாண்டான்டே சி40. சாய்ந்தமருதுக்காரரிடம் இருப்பது கிங்ரைண்டர் கே6. முதலாவதில் 24 கிளிக் கடதாசி வடிக்குப் பொருத்தமான, சீனியைவிடக் கொஞ்சம் பெரிய மணியைத் தரும். இரண்டாவதில் அதே 24 துருக்கிக் கோப்பிக்கு அரைப்பது போன்ற மாவைத் தரும்.

வளைகுடாவில் உழைத்துத் திரும்புவோரின் பெட்டியில் இப்போது கைக் கிரைண்டரும் வரத் தொடங்கியிருக்கிறது. தெற்கே அறுகம்பையில் கடலலைச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவருக்காக நடக்கும் கபேக்களில் வேலை செய்யும் பொத்துவில் இளைஞர்களுக்குக் கடதாசி வடிக் கோப்பி பழகிய ஒன்று. ஆகவே “உன்னோடதுல எத்தனை, என்னோடதுல எத்தனை?” என்ற கேள்வி கல்முனைக் கரையிலும் கேட்கிறது. இணையத்தில் இதற்கு மாற்று அட்டவணைகள் நிறைய உண்டு. அவற்றை நம்பி அரைத்து ஏமாந்தவர்களும் உண்டு. கிரைண்டரின் எண் அந்த ஒரு மெஷினின் திருகாணி எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. தூள் எப்படிப்பட்டது என்பதை அறிய வேறு கருவி வேண்டும். அந்தக் கருவி இந்தக் கரையில் எல்லா வீட்டு அடுப்படியிலும் தொங்குகிறது. இடியப்ப மா அரிக்கும் அரிதட்டைத்தான் சொல்கிறேன்.

முதலில் கிளிக் என்றால் என்னவென்று பார்ப்போம். கைக் கிரைண்டருக்குள் இரண்டு உருக்குத் துண்டுகள் இருக்கின்றன. வெளியே பல் வெட்டிய வளையம். அதற்குள் பல் வெட்டிய கூம்பு. கைபிடியைச் சுற்றினால் கூம்பு சுழலும். கொட்டை இரண்டுக்கும் நடுவே சிக்கி, நொறுங்கி, கீழே போகப் போகக் குறுகும் இடைவெளியில் மேலும் மேலும் உடைந்து வெளியே விழும். கூம்பை மேலே ஏற்றினால் இடைவெளி ஒடுங்கும், கீழே இறக்கினால் விரியும். ஏற்றி இறக்குவது ஒரு திருகாணி. அது நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு தானமும் ஒரு கிளிக்.

திருகாணியின் புரி எவ்வளவு நெருக்கம், ஒரு சுற்றில் எத்தனை தானம் என்பதைப் பொறுத்து ஒரு கிளிக்கின் அளவு மாறும். சி40க்கு ஒரு கிளிக் சுமார் 30 மைக்ரோன் என்பார்கள். கே6க்கு 16 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை வைத்துக் கணக்குப் போடுவது சுலபம் போலத் தெரியும்: 24ஐ 30ஆல் பெருக்கினால் 720 மைக்ரோன், அதை 16ஆல் வகுத்தால் 45. அப்படியானால் கே6இல் 45 வைத்தால் போதுமா? போதாது. கே6 வைத்திருப்பவர்கள் கடதாசி வடிக்குப் பொதுவாக 90ஐ ஒட்டித்தான் அரைக்கிறார்கள். கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்கு!

பெருக்கல் பிழையில்லை. பெருக்கிய எண்கள் ஒரே பொருளின் அளவுகளாக இல்லாததுதான் பிரச்சினை. ஒன்று, பூச்சியம் எங்கே தொடங்குகிறது என்பது. சில மெஷின்களில் பற்கள் ஒன்றையொன்று உரசத் தொடங்கும் இடம் பூச்சியம். வேறு சிலவற்றில் கைபிடி அசையாமல் இறுகி நிற்கும் இடம் பூச்சியம். இரண்டுக்கும் நடுவே பல கிளிக் வித்தியாசம் வரலாம். ஒரே கம்பனியின் ஒரே மொடலில் வாங்கிய இரண்டு துண்டுகளுக்கு இடையிலேயே சில கிளிக் வித்தியாசம் இருக்கும். அடுத்தது கூம்பின் சரிவு. தட்டையான இரண்டு தட்டுகள் எதிரெதிரே நின்றால், ஒன்றை ஒரு மில்லிமீற்றர் நகர்த்தினால் இடைவெளியும் சரியாக ஒரு மில்லிமீற்றர் கூடும். கூம்பில் அப்படியில்லை. கூம்பின் பக்கம் நடுத்தண்டிலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், தண்டு ஒரு மில்லிமீற்றர் இறங்கும்போது பற்களுக்கிடையே திறப்பது அரை மில்லிமீற்றர்தான். இன்னும் செங்குத்தான கூம்பில் இன்னும் குறைவு. கம்பனி அறிவிக்கும் “ஒரு கிளிக்குக்கு இத்தனை மைக்ரோன்” என்பது தண்டு நகரும் தூரமா, பற்களுக்கிடையே திறக்கும் தூரமா என்பதும் எல்லாக் கம்பனிக்கும் ஒன்றுபோல இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மின்சாரக் கிரைண்டர்களில் கதை இன்னும் விலகிப் போகிறது. பராட்ஸா என்கோரில் 40 வரை எண்கள். ஃபெலோ ஓடில் 1 முதல் 11 வரை, நடுவில் சிறு கோடுகளோடு மொத்தம் 31 நிலைகள். என்கோரின் 18உம் ஓடின் 5உம் எந்த நீளத்தின் அளவும் இல்லை. தயாரித்தவர் தன் வசதிக்குப் பொறித்த அடையாளங்கள், அவ்வளவே.

சரி, யாரோ ஒருவர் எல்லா மெஷினையும் திறந்து இடைவெளியைத் துல்லியமாக அளந்து ஒரே அட்டவணையில் போட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தூள் ஒன்றாகாது. நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமே இதுதான். வறுத்த கொட்டை கத்தியால் வெட்டியது போல அளவாக உடைவதில்லை. நொறுங்குகிறது. ஒரு பெரிய துண்டு பிரியும்போது அதன் ஓரங்களிலிருந்து பொடிப்பொடியாக உதிரும். உதிர்வது கொட்டையின் உயிரணுச் சுவர்களின் சிதறல். ஒவ்வொரு உயிரணுவும் சில பத்து மைக்ரோன் அகலம்தான். ஆகவே எந்தக் கிரைண்டரில் அரைத்தாலும் தூளில் இரண்டு கூட்டம் இருக்கும். நாம் வேண்டுமென்று அரைத்த மணிக் கூட்டம் ஒன்று. கேட்காமலே கூட வந்த, 100 மைக்ரோனுக்கும் குறைந்த தூசிக் கூட்டம் இன்னொன்று. இடைவெளியை மாற்றினால் மணிக் கூட்டம் சிறுத்தும் பெருத்தும் நகரும். தூசிக் கூட்டத்தின் அளவு பெரிதாக நகராது. அது எவ்வளவு சேரும் என்பதுதான் மாறும். பல்லின் வெட்டு, கூர், சுழலும் வேகம், இரண்டு பல்லும் சரிமட்டமாக நிற்கின்றனவா என்பது, எல்லாம் அதைத் தீர்மானிக்கும். கொட்டையும் தீர்மானிக்கும். கூடக் கருக வறுத்த கொட்டை எளிதில் நொறுங்கித் தூசியைக் கூடுதலாகத் தரும். ஒரே மெஷினில், ஒரே எண்ணில், இளவறுவல் ஒரு மாதிரியும் கருவறுவல் ஒரு மாதிரியும் விழுவது அதனால்தான்.

நம் பெண்கள் இந்த இரண்டு கூட்டத்தையும் எண்கள் இல்லாமலே அறிந்திருந்தார்கள். கோப்பிக்கொட்டையைத் தாச்சியில் போட்டு, எண்ணெய் மினுங்கக் கறுக்கும் வரை வறுத்து, ஆறவிட்டு, உரலில் போட்டு இடிப்பார்கள். இடித்ததை அரிதட்டில் அள்ளி, விளிம்பை உள்ளங்கையால் தட்டித் தட்டி அரிப்பார்கள். கீழே விழுந்த தூள் போத்தலுக்குப் போகும். மேலே தங்கிய கப்பி திரும்ப உரலுக்குப் போகும். கப்பி ஒரு பிடியாகக் குறையும் வரை இது நடக்கும். கடைசிக் கப்பியையும் வீசுவதில்லை. அடுத்த முறை இடிப்பதோடு சேர்த்துவிடுவார்கள். அரிசி மாவுக்கும் இதே முறைதான். புட்டு மாவுக்குக் கண் பெரிய தட்டு, இடியப்ப மாவுக்குக் கண் சிறிய தட்டு என்று வேறு வேறு வைத்திருக்கும் வீட்டில், தூளின் அளவை எண்ணால் சொல்லவேண்டிய தேவை எழவே இல்லை.

இந்தத் தீவில் கோப்பி வீட்டோடு நின்றுபோனதும் இதற்கு ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. 1869இல் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை கோப்பி இலைகளில் துருநிறப் புள்ளியாகத் தெரியத் தொடங்கியது. இருபது வருடத்துக்குள் மலைநாட்டுத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. பெரும் வணிகம் தேயிலைக்குப் போனபின், கோப்பி வீட்டுத் தோட்டங்களில் விளைந்து சந்தைக்கு வரும் பொருளாக எஞ்சியது. தமிழ்நாட்டில் மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ கோப்பிப்பொடிக் கடைக்காரர் “ஃபில்டருக்கு” என்றதும் ஒரே பதத்தில் அரைத்துக் கட்டிக் கொடுப்பார். ஊர் முழுக்க ஒரே வகைப் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர். அதற்கென்று ஒரு பதம். பதம் தவறினால் “டிகாஷன் இறங்கலை” என்று மறுநாளே வாடிக்கையாளர் வந்து நிற்பார். நம் பக்கம் அப்படியொரு பொதுப் பதம் உருவாகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு அரிதட்டே அளவுகோல்.

அந்த உரல் தூளைக் கடதாசி வடியில் போட்டால் என்ன ஆகும்? சாய்ந்தமருது மச்சானுக்கு ஆனதுதான். அரிதட்டு மேல் வரம்பை மட்டுமே போடுகிறது. கண்ணைவிடப் பெரியதைத் தடுக்கும். சிறியது எவ்வளவு சிறியதானாலும் விட்டுவிடும். உரலில் ஏற்கெனவே மாவானதும் உலக்கையடியை வாங்கிக்கொண்டே இருப்பதால் தூசி மிக அதிகம். ஆனால் நம் கோப்பி வேறு முறையில் தயாராகிறது: கேத்தலில் கொதித்த தண்ணீரில் தூளைப் போட்டு, மூடி, மண்டி அடியில் தங்கவிட்டு, மேலால் தெளிந்ததை ஊற்றுகிறோம், அல்லது துணியில் வடிக்கிறோம். அந்த முறைக்கு அந்தத் தூள் சரியான தூள்தான். பழைய முறையைப் பிழையென்று சொல்பவர்கள் தூளைப் பார்க்கிறார்கள், பாத்திரத்தைப் பார்ப்பதில்லை.

தூளின் அளவு மூன்று இடங்களில் கோப்பியைத் தொடுகிறது. மூன்றிலும் ஒரே கணிதம் வேலை செய்வது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருவது.

முதலாவது கரைதல். ஒரு மில்லிமீற்றர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீற்றர். அதை அரை மில்லிமீற்றர் துண்டுகளாக்கினால் எட்டுத் துண்டுகள்; மொத்த மேற்பரப்பு 12. அதே கோப்பி, இரண்டு மடங்கு தண்ணீர் தொடும் பரப்பு. அதைவிடப் பெரிய மாற்றம் உள்ளே நடக்கிறது. மணியின் நடுவிலிருக்கும் சுவை தண்ணீருக்கு வர, உயிரணுச் சுவர்களைத் தாண்டி ஊர்ந்து வரவேண்டும். அந்த ஊர்தலுக்கு எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். மணி பாதியானால் நேரம் கால்வாசியாகும். 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய வேதியியலாளர் ஏர்னஸ்ட் லொக்ஹார்ட், தூளின் எடையில் 18 முதல் 22 வீதம் வரை தண்ணீரில் கரைந்தால் பெரும்பாலோர் நாவுக்கு இதம் என்று காட்டினார். 15 கிராம் தூளில் அது 2.7 முதல் 3.3 கிராம். அதற்குக் குறைந்தால் புளிப்பும் வெறுமையும். கூடினால் கசப்பும் துவர்ப்பும். பெரிய மணியும் தூசியும் கலந்த தூளில் இரண்டும் ஒரே கோப்பையில் சேரும். தூசி கூடக் கரைந்து கசக்கும்போது மணியின் நடுவிலிருக்கும் சுவை இன்னும் வெளியே வந்திருக்காது.

இரண்டாவது ஓட்டம். 1856இல் பிரான்ஸின் டிஜோன் நகரில் ஹென்றி டார்சி என்ற பொறியியலாளர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். மணல் படுகை தண்ணீருக்கு எவ்வளவு வழிவிடும் என்பதற்கு அவர் எழுதிய விதியே இன்று கோப்பிப் படுகைக்கும் பயன்படுகிறது. துகளின் விட்டம் பாதியானால் ஓட்டம் கால்வாசியாகும். இதை நம் கரையில் நிலத்திலேயே பார்க்கலாம். மாரியில் ஒரே மழை பெய்கிறது. கடற்கரை மணலில் விழுந்தது நின்ற சுவடே இல்லை, மேற்கே வயல் களியில் விழுந்தது நாட்கணக்கில் நிற்கிறது. கடதாசி வடிக்குள் தூசி செய்யும் வேலையும் களியின் வேலைதான். மணிகளுக்கு இடையிலான வழியில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீரோடு கீழே இறங்கிக் கடதாசியின் கண்ணையும் மூடும். உயரத்திலிருந்து வேகமாக ஊற்றினால் இது இன்னும் மோசமாகும்.

மூன்றாவது அடங்கல்; கேத்தல் கோப்பிக்கும் துருக்கிக் கோப்பிக்கும் உரியது. தண்ணீரில் மூழ்கும் துகள் அடியில் தங்க எடுக்கும் நேரமும் அதே வர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறது. பாதி அளவுத் துகள் கால்வாசி வேகத்தில் இறங்கும். மூடிவைத்துக் காத்திருப்பது இதற்காகத்தான்.

இப்படி எல்லாம் வர்க்கத்தில் போவதால், கிரைண்டரில் ஒரு சிறிய திருப்பு நாக்கில் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. வேறொருவர் மெஷினின் எண்ணைக் கடன் வாங்குவது ஆபத்தாவதும் அதனால்தான்.

கல்முனைச் சந்தைப் பக்கத்து அரைக்கும் மில்லுக்குப் போனால் இதே பௌதிகத்தைப் பெரிய உருவில் காணலாம். மிளகாய்க்கு ஒன்று, மாவுக்கு ஒன்று என்று மெஷின்கள் வரிசையாக நிற்கும். உள்ளே கோடு வெட்டிய இரண்டு இரும்புத் தட்டுகள் நிமிர்ந்து எதிரெதிரே இருக்கும். ஒன்று நிலையானது, மற்றது பட்டியில் சுழல்வது. பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். அதைத் திருப்பினால் தட்டுகள் நெருங்கும். விலை கூடிய மின்சாரக் கோப்பிக் கிரைண்டர்களில் இருக்கும் தட்டைப் பல்லும் இதுவும் ஒரே இனம். மில்காரர் எந்த எண்ணையும் பார்ப்பதில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் வாயிலிருந்து விழும் தூளை ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நிமிண்டிப் பார்க்கிறார். சக்கரத்தை ஒரு விரற்கடை திருப்புகிறார், மீண்டும் நிமிண்டுகிறார். பிறகுதான் மீதியைக் கொட்டுகிறார். மெஷின் சூடாகும், தட்டு தேயும், கொட்டை ஆளுக்கு ஆள் மாறும். இத்தனை மாற்றத்துக்கும் நடுவே விழும் தூளை அளப்பதே சரி. ஆய்வுகூடங்களில் லேசர் ஒளியைத் தூளினூடே செலுத்தி அது சிதறும் கோணத்தைக் கொண்டு அளவைக் கணிக்கிறார்கள். அளக்கப்படுவது அங்கும் தூள்தான்.

விரலின் நினைவை போனில் அனுப்ப முடியாது. அரிதட்டின் கணக்கை அனுப்பலாம். உலகக் கோப்பி வணிகமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: கோப்பியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் சோதனைக்கு ஸ்பெஷாலிட்டி கொஃபி அசோசியேஷன் வகுத்த விதி எந்தக் கிரைண்டரின் பெயரையும் எண்ணையும் சொல்வதில்லை. தூளில் 70 முதல் 75 வீதம் 20ஆம் இலக்க அரிப்பில் கீழே விழவேண்டும் என்கிறது, அவ்வளவுதான். 20ஆம் இலக்கம் என்றால் ஒரு அங்குலத்தில் 20 கண்கள். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர், 20ஆல் வகுத்தால் 1.27. அதில் கம்பியின் தடிமன் போகக் கண்ணின் அகலம் சுமார் 850 மைக்ரோன். வீட்டு அரிதட்டில் இலக்கம் இருக்காது. அதன்மேல் அடிமட்டத்தை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்று எண்ணலாம். கம்பி தடித்ததா மெலிந்ததா என்பதையும் பாருங்கள். ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு தட்டில் தடித்த கம்பித் தட்டின் கண் சிறிதாக இருக்கும்.

இனி இரண்டு கிரைண்டரை ஒப்பிடுவோம். இரண்டுக்கும் ஒரே கொட்டை, ஒரே நாளில். இது முக்கியம், கரையோர ஈரக்காற்றில் திறந்து கிடந்த கொட்டையும் அன்று உடைத்த பைக் கொட்டையும் ஒன்றுபோல உடையாது. முதல் மெஷினில் உங்களுக்குப் பிடித்த கோப்பியைத் தரும் நிலையில் 20 கிராம் அரையுங்கள். நகை நிறுக்கும் சிறிய தராசு இருந்தால் நல்லது. தூளை அரிதட்டில் இட்டு, ஒரு நிமிடம், ஒரே சீராகத் தட்டுங்கள். நேரம் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறும். தட்டில் தங்கியதை நிறுங்கள். உதாரணத்துக்கு, 12 கிராம் தங்கியது என்று வைப்போம். இரண்டாவது மெஷினின் எண்ணை மறந்துவிட்டு, அதே தட்டில் 12 கிராம் தங்கும் வரை கூட்டிக் குறைத்து அரையுங்கள். அங்கே நிற்கும் கிளிக்தான் உங்கள் மாற்று எண். தூள் தட்டின் கம்பியிலும் கிண்ணத்தின் சுவரிலும் பறந்து ஒட்டினால் அது அரைபடும்போது ஏறிய நிலைமின்னூட்டம். கொட்டைக்கு ஒரு துளி தண்ணீர் காட்டிக் கிளறிவிட்டு அரைத்தால் அடங்கும். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டனும் சக ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. கரண்டிப் பிடியை நனைத்துக் கொட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

பிறகு இரண்டு தூளையும் ஒரே முறையில் வடியுங்கள்: 15 கிராம் தூள், 250 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரே சூடு, ஒரே விதமாக ஊற்றல். கடைசித் தண்ணீர் மறைந்து தூள் தெரியும் வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். இரண்டும் ஒன்றானால் வேலை முடிந்தது. அரிதட்டில் ஒன்றாக இருந்தும் நேரத்தில் வித்தியாசம் வந்தால், மணிக் கூட்டம் ஒன்று, தூசிக் கூட்டம் வேறு என்று அர்த்தம். அரிதட்டு கண்ணுக்கு மேலே உள்ளதைச் சொன்னது. கண்ணுக்குக் கீழே எவ்வளவு தூசி ஒளிந்திருந்தது என்பதைத் தண்ணீர் சொல்லிவிட்டது. மெதுவாக இறங்கும் மெஷினை இரண்டு மூன்று கிளிக் திறந்துவிட்டுச் சுவையைப் பாருங்கள். அப்போதும் இரண்டு கோப்பையும் ஒரே சுவையாக வராது. தூசியை அதிகம் தரும் கிரைண்டர் வாயில் கனத்த, கலங்கிய கோப்பியைத் தரும். தூசி குறைந்தது தெளிந்த, மெல்லிய கோப்பியைத் தரும். இதில் நல்லது கெட்டது என்று பிரிக்க நான் தயாரில்லை. கேத்தல் கோப்பியில் வளர்ந்த நாக்குக்குக் கனத்ததே கோப்பியாகத் தோன்றும், அதில் ஒரு குறையும் இல்லை.

தோஹாவுக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவே அரிதட்டைப் பகிர முடியாதே என்றால் இன்னொரு வழியுண்டு. மொன்றியாலில் வானியற்பியலாளராக இருக்கும் ஜொனதன் கன்யே, கோப்பித் தூளின் படத்திலிருந்து துகள்களை எண்ணி அளக்கும் கணினிச் செயலியை 2019இல் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். வெள்ளைத் தாளில் தூளை ஒன்றோடொன்று தொடாமல் தூவி, பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்துப் படமெடுத்தால் போதும். செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளைத் தாள், அடிமட்டம், நேர்மேலிருந்து ஒரு படம்: இந்த மூன்றையும் அனுப்பினால், அந்தப் பக்கத்திலிருப்பவர் தன் தூளையும் அப்படியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 24 என்ற எண்ணை அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் சேர்த்தே கோப்பி குடித்துப் பழகியவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அவற்றைக் கொட்டையோடு சேர்த்துக் கைக் கிரைண்டரில் போடலாமா? போடவேண்டாம். வேர்க்கொம்பு நாரும் கடினமும் உள்ளது. கோப்பிக்கொட்டை போல நொறுங்காமல் நார் பிரிந்து பற்களின் இடுக்கில் சுற்றிக்கொள்ளும்; கைபிடியை வலிந்து சுற்றினால் தண்டு சாயும், பல் சரிமட்டம் இழக்கும். கொத்தமல்லியின் உமி தட்டையாகப் பிளந்து இடைவெளியில் நழுவி விழும். அதன் எண்ணெய் மணம் பலநாள் போகாது. இரண்டையும் உரலில் தனியே இடித்து, தனியே அரித்து, சிறிய போத்தலில் வையுங்கள். கடதாசி வடியாக இருந்தால் அந்தத் தூளைக் கோப்பித் தூளோடு கலக்காமல், ஊற்றப்போகும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடித்து, அந்தத் தண்ணீரைக் கோப்பியின் மேல் ஊற்றுங்கள். வேர்க்கொம்பின் உறைப்பும் வரும், தண்ணீரும் தடையில்லாமல் இறங்கும்.